ஏழாம் நம்பர் கை

போன மாதம் பாண்டிச்சேரியில் பழைய நர்சுகள் ஆறு பேர் கூடிச் சாப்பிட்டோம். ஒருத்தியின் மகள் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தியேட்டர் நர்ஸாக இருக்கிறாள். அவள் தன் போனில் ஒரு ரோபோவைக் காட்டினாள். அதற்கு நாலு கை. டாக்டர் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு எதையோ திருகுகிறார். ரோபோ ஆபரேஷன் செய்கிறது. "எங்க டாக்டர் கேமரா ஆபரேஷன் பண்றப்பவும் ஒரு கையை வயித்துக்குள்ள விட்டுக்குவாரு" என்று நான் சொன்னேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கையே உள்ள போச்சுன்னா அப்புறம் கேமரா எதுக்கு ஆன்ட்டி? ரெயின்கோட் போட்டுக்கிட்டு குளிக்கிற மாதிரி இருக்குது."

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஒரு கையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அந்தக் கையின் நம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும், அந்த நம்பரில் நான் பதினாலு வருஷம் நடத்திய ஒரு பொய்யையும் சொல்லியாக வேண்டும். கைக்குச் சொந்தக்காரர் இன்றைக்கும் நல்லபடியாக இருக்கிறார். இதைப் படித்தால் கடைசிப் பத்தி மட்டும்தான் அவருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

என் பெயர் ரோஸ்லின். ஊர் பொம்மையார்பாளையம். நர்சிங் படிப்பு மூன்று வருஷம். அதில் நான் முக்கியமாகக் கற்றுக்கொண்டது நிற்பது. பசித்தாலும் நிற்பது, கால் வீங்கினாலும் நிற்பது, திட்டினாலும் அசையாமல் நிற்பது. அதோடு மரக்காணத்தில் ரோட்டோரம் இருந்த ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்ஸாகச் சேர்ந்தேன், ரிடையர் ஆகும் வரைக்கும் அங்கேயே நின்றேன். ஜன்னலைத் திறந்தால் உப்பளம். அந்தக் காற்றில் பூட்டு, கத்தரிக்கோல், ஏ.சி. மிஷின் எதுவும் தப்பாது. துருப்பிடிக்காத எஃகு என்று எழுதி வரும் சாமான் எங்கள் ஊரில் ஆறே மாதத்தில் தன் பேச்சை மாற்றிக்கொள்ளும்.

எங்கள் சர்ஜன் டாக்டர் குலசேகரன். அவரைப் போல நிதானமான மனிதரை நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மரியாதையைத்தான் உயர்த்துவார். சாதாரண நாளில் "சிஸ்டர்." கொஞ்சம் எரிச்சல் வந்தால் "சிஸ்டர் அவர்களே." நிஜமான கோபம் என்றால் "மதிப்புக்குரிய சிஸ்டர் அவர்களே." இந்த மூன்றாவதைக் கேட்டவர்கள் அன்றைக்கு மதியம் சாப்பிட மாட்டார்கள்.

அவருக்கு ஒரே ஒரு கர்வம், தன் கை. நகத்தை அவர் வெட்டும் அழகைப் பார்க்கவே கூட்டம் கூடலாம். முழங்கை வரை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீர் முழங்கை வழியாக வடியும்படி கைகளைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வருவார். கிளவுஸ் போட்டதும் விரல்களைக் கோத்து அழுத்தி, லைட்டுக்கு நேரே காட்டி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு ஆசையாகப் பார்க்க மாட்டார்கள்.

"ஏழு" என்று தன் கிளவுஸ் நம்பரைச் சொல்லிக்கொள்வார். "எங்க வாத்தியாருக்கும் ஏழுதான்."

ஆனால் அது ஏழு இல்லை.

அவர் வந்து சேர்ந்த முதல் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நாளில் எங்கள் ஆஸ்பத்திரியில் கிளவுஸைத் துவைத்து, காயவைத்து, பவுடர் போட்டு, துணியில் மடித்து ஸ்டெரிலைஸ் செய்து திரும்பத் திரும்பப் போடுவோம். இன்றைக்குச் சொன்னால் சின்னப் பெண்கள் மூக்கைப் பொத்துவார்கள். அன்று எல்லா இடத்திலும் அப்படித்தான். டாக்டர் குலசேகரன் போட்டால் ஒரு ஆபரேஷனுக்கு மூன்று ஜோடி கிழியும். ரப்பர் சரியில்லை என்பார், பவுடர் சரியில்லை என்பார். மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, "கிளவுஸ் உன் பொறுப்பு. இனிமே கிழிஞ்சா நீதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டார். நான் டாக்டரிடம் போய், "சார், எட்டு போட்டுப் பார்க்கறீங்களா?" என்று பயந்து பயந்து கேட்டேன்.

"சிஸ்டர் அவர்களே," என்றார். "எட்டு போடறவன் லாரியில மூட்டை ஏத்தப் போகலாம்."

மறுநாள் எட்டாம் நம்பர் கிளவுஸை மடித்து, மேலே கொட்டை எழுத்தில் ஏழு என்று எழுதி வைத்தேன். அன்று ஒன்றும் கிழியவில்லை. டாக்டர் கையை லைட்டில் காட்டிப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் ஏழு எவ்வளவு நல்லா வருது, பார்த்தீங்களா? கம்பெனிக்குப் புத்தி வந்துடுச்சு" என்றார். கம்பெனிக்கு வந்த அந்தப் புத்தியைப் பதினாலு வருஷம் நான் காப்பாற்றினேன். புதிதாக வரும் எட்டாம் நம்பரில் மணிக்கட்டு ஓரம் அச்சடித்த எண் இருக்கும். அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடுவேன். அவருடைய பொட்டலத்தில் ஏழுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பேன், எங்கள் ஆட்களுக்கு அடையாளம். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த சர்ஜனுக்கு யாரோ அந்தப் புள்ளி வைத்த பொட்டலத்தைக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு நிஜமாகவே ஏழு. விரல் நுனியெல்லாம் தொங்க, "உங்க ஊர்ல ஏழு ரொம்ப தாராளமா இருக்குதே" என்றார். "உப்புக் காத்து சார், ரப்பர் தளர்ந்துடும்" என்றேன். பொய் சொல்லப் பழகிவிட்டால் விஞ்ஞானமும் கூடவே வந்துவிடும்.

சுனாமி வந்து போன மறு வருஷம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டிலிருந்து உதவி வந்தது. நாங்கள் எழுதிக் கேட்டது கட்டிலும் மெத்தையும். பெட்டியைப் பிரித்தால் ஒரு டி.வி., ஒரு கேமரா, வயிற்றுக்குள் கேஸ் ஏற்றும் மிஷின், நீள நீளமான குச்சிக் கருவிகள். லேப்ராஸ்கோப்பி செட் முழுசாக வந்திருந்தது. நோயாளிகள் தரையில் பாயில் படுத்திருக்க, தியேட்டரில் கலர் டி.வி. ஓடியது. டாக்டர் கோயம்புத்தூர் போய்ப் பயிற்சி எடுத்து வந்தார். கேமரா பிடிக்க டெக்னீஷியன் முருகையனைப் பழக்கினார். முருகையன் மீன்பிடிக் குடும்பம். ஆடுகிற படகில் நின்றே வளர்ந்த ஆள் என்பதால் அவர் பிடித்தால் படம் ஆடாது.

ஒரு வருஷம் பித்தப்பை, குடல்வால் என்று சின்ன ஓட்டை ஆபரேஷன்கள் நன்றாகவே நடந்தன. பிறகு 2007 தை மாதம் பச்சையம்மா வந்தாள்.

பச்சையம்மாவும் அவள் புருஷன் கன்னியப்பனும் உப்பளத்தில் கூலி வேலை. அவன் பாத்தியில் உப்பு வாருவான். அவள் கூடையில் சுமந்து வரப்பில் கொட்டுவாள். நாள் முழுக்க வெயில், குடிக்கத் தண்ணீர் கம்மி. அந்த வேலையில் கிட்னியில் கல் சேருவது புதிதில்லை. இவளுக்கு இடது கிட்னியில் வருஷக்கணக்காகச் சேர்ந்த கல். கிட்னி செத்து, சீழ் கட்டி, மாதத்துக்கு இரண்டு முறை குளிர் ஜுரம். எடுக்காவிட்டால் அந்தச் சீழே ஆளைக் கொண்டுபோய்விடும். பழைய முறையில் எடுத்தால் விலாவிலிருந்து வயிறு வரை நீளமாகக் கிழிக்க வேண்டும், அப்புறம் பல மாதம் பாரம் தூக்கக் கூடாது.

"பங்குனிக்குள்ள வேலைக்குப் போவலன்னா மேஸ்திரி வேற ஆள சேர்த்துக்குவான் சார்" என்றாள் பச்சையம்மா. "அப்புறம் அடுத்த வருசம் வரிக்கும் எனக்கு அங்க எடமில்ல. எத்தினி பெருசு கிழிப்பீங்க, அத சொல்லுங்க மொதல்ல."

டாக்டர் தன் இடது கையைக் குவித்துக் காட்டினார். "இந்தக் கை போற அளவுக்கு ஒரு கீறல். மத்ததெல்லாம் சின்ன ஓட்டை. எனக்கு ஏழு நம்பர். ஏழு சென்டிமீட்டர்."

"சென்டியெல்லாம் எனக்குத் தெரியாது. எத்தினி வெரக்கடை?"

டாக்டர் விரல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். "நாலு விரக்கடைம்மா."

"நாலுன்னா நாலுதான். அப்புறம் அஞ்சு ஆறுன்னு சொல்லக் கூடாது."

"உயிருக்கு ஆபத்துன்னா பெரிசாத் திறப்பேன். அத இப்பவே சொல்லிடறேன். இல்லன்னா நாலு."

இங்கேதான் அந்தச் சென்னைப் பெண்ணின் கேள்விக்குப் பதில். கேமராவும் குச்சிக் கருவியும் வைத்துச் செய்தால் டாக்டருக்குக் கண் உண்டு, தொடுகிற உணர்ச்சி கிடையாது. சீழ் கட்டிய கிட்னி சுற்றியுள்ள எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். எது கொழுப்பு, எது ரத்தக்குழாய் என்று டி.வி.யில் தெரியாது, விரலுக்குத் தெரியும். ரத்தம் பீறிட்டால் இரண்டு விரலால் அமுக்கிப் பிடிக்கலாம். கிட்னியை வெளியே எடுக்க எப்படியும் ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலை முதலிலேயே போட்டு அதில் ஒரு கையை விட்டுக்கொள்வதுதான் இந்த முறை. வெளிநாட்டில் கேஸ் வெளியேறாமல் இருக்க இதற்கென்று ஒரு வளையம் உண்டு, ஒருமுறை போட்டுத் தூக்கி எறிய வேண்டும். பஞ்சைக்கூட யோசித்து எடுக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அது எங்கே கட்டும்? வளையம் இல்லாமலே செய்யலாம், கீறல் மட்டும் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்குத்தான் அளவு. கிளவுஸ் நம்பர் எத்தனையோ கீறல் அத்தனை சென்டிமீட்டர்.

அந்தக் கணக்கு ஏழுக்குத்தான் சரி, எட்டுக்கு இல்லை. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் பதினாலு வருஷப் பொய்யை எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது? காலையில் சொல்லலாம் என்றால் அவர் நல்ல மனநிலையில் இருந்தார், கெடுக்க மனம் வரவில்லை. சாயங்காலம் சொல்லலாம் என்றால் சிடுசிடுவென்று இருந்தார், பயமாக இருந்தது.

கடவுள் ஒரு வாய்ப்புக்கூடக் கொடுத்தார். ஒத்திகை பார்க்க டாக்டர் ஒரு சலைன் அட்டைப்பெட்டியில் ஏழு சென்டிமீட்டருக்கு ஓட்டை போடச் சொன்னார். உள்ளே கிட்னிக்குப் பதிலாக ஒரு முட்டைக்கோஸ். கையை விட்டார். பெட்டி டர்ரென்று கிழிந்தது.

"என்ன பெட்டி இது? உப்புக் காத்துல நமுத்துப் போச்சு" என்றார்.

முருகையன் என்னைப் பார்த்தார். நான் முட்டைக்கோஸைப் பார்த்தேன். "ஆமா சார், நமுத்துப்போச்சு" என்று சொன்னது யார் என்கிறீர்கள்? நான்தான்.

ஆபரேஷன் நாள் காலை. மயக்க மருந்து கொடுப்பவர் நசீமா மேடம். கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் தன் காரில் வருவார். எதற்கும் பதறாத ஆள். பச்சையம்மாவைத் தூங்க வைத்து, வலது பக்கமாகச் சாய்த்துக் கட்டினோம். டாக்டர் ஸ்டீல் ஸ்கேலை வயிற்றில் வைத்து, தொப்புளுக்கு மேலே நேர்க்கோட்டில் ஏழு சென்டிமீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் புள்ளி வைத்தார். ஒரு நூல் கூட அதிகம் இல்லாமல் கீறினார்.

இடது கையைக் குவித்து நுழைத்தார். விரல் போயிற்று. விரல் முட்டியில் தடுத்து நின்றது. சலைன் ஊற்றி ஈரமாக்கித் திருகினார். நெற்றியில் வேர்த்தது. கடைசியில் கை உள்ளே போனபோது அவர் முகத்தில் வலி தெரிந்தது.

"டைட்டாத்தான் இருக்குது. டைட்டா இருந்தாத்தான் நல்லது, கேஸ் போகாது" என்றார்.

கேஸ் ஏற்றினோம். வயிறு கூடாரம் மாதிரி எழுந்தது. ஒரு துளி கேஸ் வெளியே போகவில்லை. டி.வி.யில் அவருடைய கை பிரம்மாண்டமாகத் தெரிந்தது. அந்த நிலைமையிலும் அவர் அதை ஒரு கணம் ரசித்தார் என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

முதல் முக்கால் மணி நேரம் நான் பார்த்ததிலேயே அழகான ஆபரேஷன். வலது கையில் கருவி, இடது கை உள்ளே. குடலை மெதுவாக ஒதுக்கினார், சிறுநீர்க் குழாயைக் கண்டுபிடித்தார், ஒட்டிக் கிடந்த கிட்னியை விரல் நுனியால் தடவித் தடவிப் பிரித்தார். கருவி தயங்கிய இடத்தில் விரல் போனது. எனக்கே தைரியம் வந்தது. பொய் சொன்னவர்களையும் ஆண்டவர் கைவிடுவதில்லை என்று உள்ளுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டேன். ஜெபம் முடியவில்லை, டி.வி. சிவப்பாகிவிட்டது.

கிட்னிக்குப் பின்பக்கம் ஒரு ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. அடுத்த நொடி டாக்டரின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அதைச் சேர்த்துப் பிடித்தன. நான் உறிஞ்சு குழாயை விட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தேன். ரத்தம் நின்றிருந்தது. வலது கையால் ஒரு கிளிப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் டாக்டர் கிளிப் கேட்கவில்லை. டி.வி.யையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முருகையா" என்றார் மெதுவாக. "நான் அதைப் புடிச்சிருக்கேனா?"

முருகையன் குழம்பிப்போனார். "சார்?"

"எனக்குத் தெரியல. கை மரத்துப்போச்சு. விரல் இருக்குதா இல்லையான்னே தெரியல. டி.வி.யில பார்த்துச் சொல்லு."

"புடிச்சிருக்கீங்க சார். ரெண்டு வெரலும் சேர்ந்துதான் இருக்குது. ரத்தம் வரல."

தொட்டுப் பார்க்கத்தான் கையை உள்ளே விட்டது. இப்போது அந்தக் கையைக் கேமராவில் பார்த்துத் தெரிந்துகொள்கிற நிலைமை. உணர்ச்சி இல்லாத விரல் எப்போது வேண்டுமானாலும் நழுவலாம். பச்சையம்மாவுக்கென்று கையில் இருந்தது ஒரே ஒரு பாட்டில் ரத்தம். இன்னொன்று வேண்டுமென்றால் பாண்டிச்சேரியிலிருந்து வர வேண்டும்.

"மேடம், வயிறு இறுக்குது. ரிலாக்ஸ் பத்தல" என்றார் டாக்டர்.

நசீமா மேடம் மருந்து கொடுத்துவிட்டு மிஷினைப் பார்த்தார். "சார், இதுக்கு மேல ரிலாக்ஸ் பண்ணணும்னா அந்தம்மா அல்லாகிட்டதான் போகணும். வயிறு தளர்ந்துதான் இருக்குது."

"அப்புறம் ஏன் இறுக்குது? ஏழு கைக்கு ஏழு கீறல். கணக்கு சரியாத்தானே இருக்குது?" பிறகு டி.வி.யைப் பார்த்தபடியே சொன்னார். "ஓபன் செட்டை எடுங்க. பெரிசாத் திறந்துடலாம்."

அவர் குரலில் அன்றைக்கு இருந்த வருத்தத்தை நான் மறக்கவில்லை. "நாலுன்னா நாலுதான்" என்று பச்சையம்மா சொன்னதுதான் என் காதில் நின்றது. பெரிதாகத் திறந்தால் அவளுக்குப் பங்குனி இல்லை, உப்பளத்தில் இடம் இல்லை. அதுவும் ஒரு கை மரத்துப்போன டாக்டர் ஒற்றைக் கையால் திறக்க வேண்டும். இத்தனைக்கும் காரணம் ஒரு சென்டிமீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டரை மறைத்து வைத்திருந்தவள் நான்.

"சார்" என்றேன். "உங்க கை எட்டு சார்."

"என்ன சிஸ்டர்?"

"எட்டு சார். பதினாலு வருஷமா எட்டுதான். நான்தான் ஏழுன்னு எழுதி வெச்சேன். ஒரு சென்டிமீட்டர் கூடக் கீறினா போதும் சார். பெரிசாத் திறக்க வேணாம்."

டாக்டர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மதிப்புக்குரிய சிஸ்டர் அவர்களே," என்றார். "கத்தியைக் குடுங்க."

கொடுத்தேன். அவருடைய மணிக்கட்டுக்கும் வயிற்றின் ஓரத்துக்கும் நடுவே ஒரு வளைந்த தகட்டைச் செருகிப் பிடித்தேன், கத்தி வழுக்கினால் தகட்டில்தான் படும். மேலே அரை, கீழே அரை என்று அவர் வலது கையால் கீறினார். இரண்டாவது அரையில் புஸ்ஸென்று கேஸ் வெளியேறி வயிறு அமுங்கியது. டி.வி. இருட்டாகிவிட்டது.

"சார், படம் போச்சு" என்றார் முருகையன்.

"அசையாதே. யாரும் அசையாதீங்க."

ஈரமான பெரிய துணிப் பஞ்சு இரண்டை மணிக்கட்டைச் சுற்றி அடைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கேஸ் மெல்ல ஏறியது. அந்த நேரம் முழுக்க அவர் பிடித்திருக்கிறாரா விட்டுவிட்டாரா என்று அவர் உட்பட யாருக்கும் தெரியாது. நான் ஜெபம்கூடச் சொல்லவில்லை, எந்த முகத்தோடு சொல்வது? திரை வெளுத்து, படம் வந்தது. இரண்டு விரலும் சேர்ந்தபடியே இருந்தன.

"ஐயோ, குத்துது" என்றார் டாக்டர். "எறும்பு கடிக்கிற மாதிரி குத்துது." அவர் சிரித்தார். "வந்துடுச்சு. விரல் வந்துடுச்சு. குழாய் தெரியுது சிஸ்டர், என் விரலுக்குள்ள தெரியுது. கிளிப் குடுங்க."

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ரத்தக்குழாய்களுக்குக் கிளிப் போட்டு, கிட்னியைப் பையில் போட்டு, அதே வாசல் வழியாக எடுத்தார். உள்ளே இருந்த கல் இஞ்சிக் கிழங்கு போலக் கிளை கிளையாக இருந்தது. பாட்டில் ரத்தம் அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

தையல் முடிந்ததும் டாக்டர் கிளவுஸைக் கழற்றினார். வழக்கம் போலத் துவைக்கப் போடவில்லை. டேபிளில் விரித்து வைத்து, மேலே தன் வெறும் கையை வைத்துப் பார்த்தார். மணிக்கட்டில் வளையல் போட்டது போல ஒரு சிவப்புக் கோடு.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

நசீமா மேடம் மிஷினைத் துடைத்தார். முருகையன் கேமரா வயரைச் சுற்றினார்.

"மேடத்துக்கு?"

"தெரியும் சார்" என்றேன்.

"சமையல் அம்மாவுக்கு?"

"தெரியும் சார்."

"வாட்ச்மேனுக்கு?"

"அவர்தான் சார் புள்ளி வைக்கற யோசனை சொன்னது."

அன்றிலிருந்து ஆறு வாரம் டாக்டர் என்னோடு நேராகப் பேசவில்லை. தியேட்டரில் என் எதிரே நின்றுகொண்டு, "மேடம், சிஸ்டர் அவர்களைக் கத்தரிக்கோல் தரச் சொல்லுங்க" என்பார். நசீமா மேடம், "சிஸ்டர், கத்தரிக்கோலாம்" என்பார். நான் கொடுப்பேன். கிளவுஸ் பொட்டலங்களை அவரே மடித்தார், அவரே ஸ்கேலால் அளந்தார், அவரே எட்டு என்று எழுதினார். அந்த எட்டை எழுதும்போது பேனாவை அழுத்துகிற அழுத்தத்தில் இரண்டு மூன்று துணி பொத்துப் போயிற்று. எனக்கு மெமோ வரும், வேலை போகும் என்று தினமும் எதிர்பார்த்தேன். வரவில்லை. வந்திருந்தால்கூட மனசு லேசாகியிருக்கும். செய்தது தப்பு, அதற்கு யாரும் ஒரு அடி அடிக்கவில்லை என்றால் அது உள்ளேயே கிடந்து உறுத்தும்.

பங்குனியில் பச்சையம்மா கடைசி செக்கப்புக்கு வந்தாள். ஜுரம் போய் முகம் தெளிந்திருந்தது. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, இருமச் சொல்லிப் பார்த்து, "கூடை தூக்கலாம்மா. மொதல்ல அரைக்கூடை" என்றார். கன்னியப்பன் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டான். பச்சையம்மா கும்பிடவில்லை. தழும்பின் மேல் தன் விரலை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினாள்.

"சார், நாலு வெரக்கடைன்னு சொன்னீங்க. நாலுக்கு மேல இருக்குதே."

இந்தா, இந்த சிஸ்டர்தான் காரணம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"என் கை பெரிசும்மா" என்றார் டாக்டர். "எனக்கே தெரியாம இருந்துடுச்சு. மன்னிச்சுக்கோ."

"எந்தக் கை? காட்டுங்க."

டாக்டர் இடது கையை நீட்டினார். அவள் தன் கையை அதன் மேல் பொருத்தி வைத்தாள். உப்பில் வெடித்துக் காய்ச்சுப் போன கை. விரல் நீளத்தில் டாக்டர் கொஞ்சம் கூட. அகலத்தில் அவள் கொஞ்சம் கூட மாதிரி தெரிந்தது.

"இதுவா பெருசு?" என்று கன்னியப்பனைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தக் கைய வெச்சிக்கினு உப்ளத்துக்கு வந்தாருன்னா ஒரு கூடை ரொம்பறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். பூவாட்டம் இருக்குது சார் உங்க கை."

ஆறு வாரமாக மூடிக் கிடந்த முகம் மெல்லத் திறந்தது. அவர் தன் கையை முன்னும் பின்னும் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். பிறகு நசீமா மேடத்தைத் தேடாமல் நேராக என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், இந்தம்மாவுக்கு என்ன நம்பர் இருக்கும்?"

வெறும் "சிஸ்டர்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சையம்மாவின் கையைப் பிடித்து, திருப்பி, அளந்து பார்த்தேன்.

"எட்டரை சார்."

"நிஜமா சொல்றீங்களா, எனக்காகச் சொல்றீங்களா?"

"நிஜமாத்தான் சார்."

"எட்டரை" என்று அவர் தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். ரிடையர் ஆகும் வரைக்கும் அந்த மனிதர் எட்டு போட்டார், ஒரு நாளும் அதற்காக முகம் சுளிக்கவில்லை.

டாக்டர் சார், இதோ நான் சொன்ன கடைசிப் பத்தி. அந்த அம்மாவின் கையும் எட்டுதான். நம்பர் பார்ப்பதில் எனக்குத் தப்பே வராது, உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தக் கை யார் வயிற்றுக்குள்ளும் போகப்போவதில்லை, அரை நம்பர் கூட்டிச் சொன்னதால் யாருக்கும் ஒரு நூல் கீறல்கூட விழாது என்று நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.